இரவுக் கட்டத்தில் எழுதிய இட்லிகள்

எனக்கு அறிவுரை சொன்னவர்களை வரிசையாக நிற்க வைத்தால் செஞ்சி பேருந்து நிலையத்தில் தொடங்கி கோட்டை டிக்கெட் கவுண்டர் வரை நிற்பார்கள். அத்தனை பேரும் சொன்னது ஒன்றேதான்: தினமும் விடிகாலையில் ராஜகிரி மலை ஏறி இறங்கு, ஆறே மாதத்தில் இளைத்துவிடுவாய். சொன்னவர்களில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருப்பவர்கள். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்களைச் சுற்றிக் காட்டப் போன ஒரு நாளைத் தவிர கோட்டைக்குள் கால் வைத்ததில்லை. அந்த ஒரு நாளும் கோட்டை அடிவாரத்துக் கல்யாண மஹால் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் தின்றுவிட்டு, மேலே குரங்குத் தொல்லை என்று சொல்லித் திரும்பியவர்கள். என் கடைக்கு எதிரில் டீக்கடை வைத்திருப்பவருக்கு வயிறு தனியாக முன்னால் நடந்துவரும். அவரும் எனக்கு மலையேறச் சொல்லுவார், அதுவும் மசால் வடையைக் கடித்துக்கொண்டே. ஆணின் தொப்பையை இந்த ஊர் வசதி என்று எடுத்துக்கொள்கிறது. பெண்ணின் உடம்பு என்றால் மட்டும் ஆளுக்கொரு கருத்து.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது, எடை நூற்று முப்பத்தைந்து கிலோ. பேச்சும் பார்வையும் எனக்குப் பழகிவிட்டன. பஸ்ஸில் நான் ஏறியதும் மூன்று பேர் சீட்டில் ஓரமாக இருப்பவர்கள் காலை அகட்டி உட்காருவதும் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். என்னால் படுத்துத் தூங்க முடியவில்லை. படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், பதறி எழுந்து உட்காருவேன். மூன்று வருடமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் மேசையில் தலையணை வைத்து, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தூங்கினேன். என் கணவர் குறட்டை தாங்கவில்லை என்று முன்னறைக்குப் போய்விட்டார். விழுப்புரத்தில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, இது இப்படியே போனால் ஒருநாள் தூக்கத்திலேயே முடிந்துவிடும், இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன்தான் வழி என்றார். தனியார் மருத்துவமனை நமக்குக் கட்டுப்படியாகாது, சென்னையில் ஒரு அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டையிலேயே செய்கிறார்கள் என்றும் அவரே சொன்னார். அந்த ஆபரேஷனுக்கு அனுமதி வாங்குவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது இளைத்த உடம்பு இல்லை. ஒரு பாயும், அதில் விடியும்வரை நீட்டிப் படுக்கிற உரிமையும்தான்.

அனுமதி வாங்குவதில் எனக்குப் பயமே இல்லை. ஏனென்றால் என் தொழிலே அதுதான். தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் பெயருக்குத்தான், பிழைப்பு மனு எழுதுவதில். பட்டா மாற்றம், வருமானச் சான்று, முதியோர் பென்ஷன், விதவைச் சான்று என்று ஒரு நாளைக்கு இருபது முப்பது எழுதுவேன். ஆபீஸுக்குள்ளே உட்கார்ந்திருப்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார்கள், எழுதாமல் விட்டிருப்பதைத்தான் தேடுவார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், காகிதத்தைத் திருப்பி வீசிவிட்டு டீ குடிக்கப் போகலாம். அதனால் என்னிடம் வரும் மனுவில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. தான் பிறந்த தேதி தெரியாது என்று கிழவர் நின்றால், அவர் முகத்தைப் பார்த்து ஒரு தேதி போடுவேன். இருபது வருடத்தில் என் மனு எதுவும் திரும்பி வந்ததில்லை என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு.

முதல் வேலை, எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எடை குறித்து ஒரு கடிதம் வாங்குவது. அங்கிருந்த எடை மெஷின் நூற்று இருபது கிலோவுக்கு மேல் காட்டாது. நான் ஏறியதும் முள் ஒரு சுற்று சுற்றி ஓரத்தில் முட்டி நின்றது. நர்ஸ் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெஷினுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று குனிந்து தட்டிப் பார்த்தார். அப்புறம் வெளியே காத்திருக்கிற முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி, கமிட்டியில் போய் எடை போட்டுச் சீட்டு வாங்கிவரச் சொன்னார். கமிட்டி என்பது நெல் மூட்டை எடை போடும் விற்பனைக்கூடம். நல்ல அறுவடை நேரம், வாசலிலேயே நெல் மலை மலையாகக் குவிந்து கிடந்தது. தூசியில் தலையில் துண்டு கட்டியிருந்த எடை போடுகிறவர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கேள்வியும் கேட்கவில்லை. ஒரு மூட்டையை இறக்கிவிட்டு, "செருப்ப கழட்டிட்டு ஏறுக்கா" என்றார். நூற்று முப்பத்தைந்து கிலோ நானூறு கிராம். நெல் ரகம், ஈரப்பதம் என்று அச்சடித்திருந்த சீட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். இந்தக் கதை முழுக்க என்னை மரியாதையாக நடத்தியவர் அவர் ஒருவர்தான்.

அந்த நெல் சீட்டை மருத்துவமனைக் கடிதத்தோடு பின் அடித்து அனுப்பினார்கள். சென்னையில் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. என் வாயிலிருந்து வந்ததை மட்டும்தான் சந்தேகப்பட்டார்கள்.

சென்னைக்கு விடிகாலை பஸ் பிடிப்போம். கணவர் கூட வருவார். வருவார் என்றால், மருத்துவமனை வரை வருவார். உள்ளே போனதும் என்னிடமிருந்து பத்தடி தள்ளி நிற்பார், வேறு யாருக்காகவோ வந்தவர் மாதிரி செல்போனைப் பார்த்துக்கொண்டு. என் பெயரைக் கூப்பிட்டால் அவர் தலை நிமிராது. இருபது வருடம் நான் போட்ட சாதத்தைத் தின்ற மனிதர், என் உடம்புக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று ஊரறிய நிற்பதைப் பார்த்தால் எனக்கு எரியும். ஆனால் மூட்டுவலியோடு அத்தனை படியும் வராந்தாவும் நடக்கும்போது பையைத் தூக்க ஆள் வேண்டும். அதனால் பொறுத்துக்கொண்டேன்.

அங்கே பத்துப் பன்னிரண்டு இடத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ரத்தம், இதயம், நுரையீரல், மனநலம். மனநல டாக்டர் நான் ஏன் அழவில்லை என்று கேட்டார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வருகிறது என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இவ்வளவும் முடிந்தால் கடைசியில் உணவு ஆலோசகர். அவர்தான் பெரிய தடை. மூன்று மாதம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டோம் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு கட்டம்: காலை, மதியம், மாலை, இரவு. மாதம் ஒருமுறை அவர் பார்ப்பார். மூன்று மாத நோட்டும் திருப்தியாக இருந்தால் டாக்டர்கள் குழுவுக்குப் போகும், குழு அனுமதி கொடுத்தால் ஆபரேஷன் தேதி.

இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். நாங்கள் தமிழ்ச் சமணர்கள். என் பிறந்த வீடு மேல்சித்தாமூர் பக்கம். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் சாப்பிடுவதில்லை. இதை நான் பெரிய பக்தி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம். பிறந்ததிலிருந்து ராத்திரிச் சாப்பாடு என்ற ஒன்றை நான் சாப்பிட்டதில்லை. ஆகவே முதல் மாத நோட்டில் இரவுக் கட்டம் முப்பதிலும் 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

உணவு ஆலோசகர் இருபத்தைந்து வயதுப் பெண். சுத்தமான வெள்ளைக் கோட்டு, மெல்லிய மணிக்கட்டு. நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவர் பேனாவால் இரவுக் கட்டத்தைத் தட்டினார்.

"நைட் என்ன சாப்பிட்டீங்கம்மா?"

"சாப்பிடறதில்லீங்க. நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம்."

அவர் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். சேட்டு வீடா, தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே என்றார். கோட்டை கட்டுவதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் ஏர் ஓட்டிய ஜனம் நாங்கள், எனக்குத் தமிழைத் தவிர வேறு ஒரு பாஷையும் தெரியாது. அதை எல்லாம் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நெய் அதிகம் சேர்ப்பீர்கள் இல்லையா என்றார். எங்கள் வீட்டில் நெய் தீபாவளிக்குத்தான் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"இந்த வெயிட்டுக்கு நைட் சாப்பிடாம இருக்க சான்ஸே இல்லம்மா. உண்மைய எழுதுனாதான் எங்களால ட்ரீட்மென்ட் குடுக்க முடியும்."

அந்த மாத நோட்டை அவர் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு மாதம் போயிற்று.

என் பக்கம் எல்லாம் சுத்தம் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வெளிச்சம் போவதற்குள் என்று, நான் சாப்பிடுவதை யாராவது பார்த்தால் ரெண்டு பேர் சாப்பாடு என்பார்கள். கடையில் உட்கார்ந்தபடியே நாள் முழுக்க மிக்சர் கொறிப்பேன். இதெல்லாம் என் நோட்டில் மாலைக் கட்டத்தில் ஒளிக்காமல் இருந்தது. அதை அந்தப் பெண் ஒரு கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நான் தின்றதை விட்டுவிட்டார், தின்னாததைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் தாண்டியபோது எனக்குப் புரிந்தது. இதுவும் ஒரு ஆபீஸ்தான். இங்கேயும் காலிக் கட்டம்தான் குற்றம், 'இல்லை' என்று எழுதினாலும் காலிதான். இதுகூடத் தெரியாமல், உண்மையை எழுதினால் போதும் என்று, என் கடைக்கு வரும் படிக்காத கிழவர்களைவிட மோசமாக நடந்துகொண்டேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. அடுத்த மாதம் இரவுக் கட்டம் முழுக்க எழுதினேன். இரண்டு இட்லி, தேங்காய் இல்லாத சட்னி. சில நாள் ஒரு தோசை. ஒரே பேனாவில் எழுதினால் ஒரே மூச்சில் எழுதியது தெரிந்துவிடும் என்று மூன்று பேனா மாற்றினேன். ஒரு சனிக்கிழமை 'கல்யாண வீடு, பாயசம் அரை டம்ளர்' என்று போட்டேன், தப்பு செய்து ஒப்புக்கொள்கிற ஆள் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக. உணவு ஆலோசகர் அந்தப் பாயசத்தைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வரைந்தார். இப்போதுதான் நீங்கள் ஒத்துழைக்கிறீர்கள் என்று பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு, உள்ளுக்குள் அவரைக் காறித் துப்பினேன். படித்த பெண், வெள்ளைக் கோட்டு, ஒரு பொய்ப் பாயசத்துக்கு மயங்கிவிட்டாள்.

இப்படி மூன்று மாதமும் முடிந்து, குழுவின் முன்னால் போகிற நாள் வந்தது. குழு பதினொரு மணிக்கு, நாங்கள் ஏழரைக்கே பெஞ்சில். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், என்னைவிடப் பெரிய உடம்பு. வலது காலில் கணுக்காலுக்குக் கீழே கட்டுப் போட்டிருந்தது. எந்த ஊர் என்றால் அனந்தபுரம். செஞ்சியிலிருந்து இத்தனை பக்கத்து ஊர்க்காரியைச் சென்னையில் பார்ப்போம் என்று நினைக்கவில்லை. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளாம், இப்போது தரையில் உட்கார்ந்தால் எழ முடியாததால் யாரும் கூப்பிடுவதில்லையாம். சர்க்கரை. காலில் ஆறாத புண். உடம்பு குறையாவிட்டால் காலுக்கே ஆபத்து என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். புருஷன் வரவில்லை, தனியாக வந்திருந்தாள்.

தன் நோட்டை என்னிடம் காட்டினாள். ஒன்பதாவது படிக்கிற மகள் எழுதிக் கொடுத்தது, அழகான கையெழுத்து. இதுவரை அதை யாரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை, மூன்று மாசத்தையும் சேர்த்துக் குழுவில் காட்டு என்று சொல்லிவிட்டார்களாம். புரட்டினேன். காலையில் கூழ், மதியம் சோறு, மாலையில் டீ. இரவுக் கட்டம் மூன்று மாதத்துக்கும் காலி. ஒரு 'இல்லை' கூடக் கிடையாது, வெறும் வெள்ளை.

"ராத்திரி ஏன் எழுதல?" என்று கேட்டேன்.

"ராத்திரில நான் ஒண்ணும் துன்றதில்லக்கா. மதியம் துன்ற சோறே நெஞ்சுல நிக்கிது. தண்ணி குடிச்சிட்டு படுத்துருவேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அப்புறம் அவள் கையை, கழுத்தை, பெஞ்சில் பாதியை அடைத்திருந்த இடுப்பைப் பார்த்தேன். என்னை இத்தனை வருடமாக எப்படிப் பார்த்தார்களோ அதே மாதிரிதான் பார்த்தேன். என் மனதில் ஓடியதை அப்படியே எழுதிவிடுகிறேன்: இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ராத்திரி ஒன்றும் தின்பதில்லையாம், யாரிடம் கதை விடுகிறாள். எங்களுக்காவது ஒரு விரதம் இருக்கிறது, ஒரு காரணம் இருக்கிறது. இவளுக்கு என்ன இருக்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டே பானையை வழித்துத் தின்பாள், அதைச் சாப்பாடு என்று கணக்கில் சேர்க்க மாட்டாள்.

வாயில் மட்டும் நல்லபடியாகச் சொன்னேன். "காலியா உட்டா திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. குடு, நான் எழுதித் தரேன்."

அவள் நோட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். பையில் மூன்று பேனா இருந்தது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன், மகள் கையெழுத்து மாதிரியே எழுத்தைச் சாய்த்து. நல்ல வேலைப்பாடு. எனக்கு இரண்டு இட்லி போட்டுக்கொண்டவள் அவளுக்கு நான்கு போட்டேன். மூன்று தோசை, உப்புமா ஒரு தட்டு, சில நாள் மதியச் சோறு மிச்சம். ஏன் நான்கு என்று யோசிக்காமல் எழுதவில்லை, யோசித்துத்தான் எழுதினேன். இந்த உடம்புக்கு இரண்டு இட்லி என்றால் யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். எழுதி முடித்து நோட்டைக் கொடுத்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க நல்லா இருக்கணும்க்கா என்றாள். நான் ஒரு உபகாரம் செய்துவிட்ட திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். நீண்ட மேசைக்குப் பின்னால் ஐந்து டாக்டர்கள், ஓரத்தில் உணவு ஆலோசகர். நடுவில் இருந்த பெரியவர் என் முகத்தைப் பார்க்காமலே நோட்டைப் புரட்டினார். இரவு உணவு நன்றாகக் குறைத்திருக்கிறார், நல்ல ஒத்துழைப்பு என்று உணவு ஆலோசகர் சொன்னார். பெரியவர் தலையாட்டினார். நெல் சீட்டைப் பார்த்து மட்டும் இது என்ன என்று கேட்டார். சொன்னேன், ஐந்து பேரும் சிரித்தார்கள். அனுமதி கிடைத்தது. மொத்தம் நான்கு நிமிஷம். நான் தின்னாத இட்லியைத் தின்றதாக எழுதி, தின்றதைக் குறைத்ததாக அவர்கள் முடிவு கட்டி, என் உயிர் பிழைத்தது.

அடுத்தது அவள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஆபரேஷன் தேதி எழுதிய காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவர் முதல்முறையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் அவள் வெளியே வந்தாள். கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்து வந்தாள்.

"ஆறு மாசம் கழிச்சி வரச் சொல்லிட்டாங்கக்கா. ராத்திரி சாப்பாடு ஜாஸ்தியா இருக்குதாம். கொறச்சிட்டு நோட்டு எழுதினு வரணுமாம்."

உடனே எழுந்து உள்ளே போய், அதை எழுதியது நான், அவள் ராத்திரியில் தண்ணீரோடு படுப்பவள் என்று சொல்லியிருக்கலாம். கதவு பத்தடி தூரம். ஆனால் போனால் என் நோட்டையும் கேட்பார்கள், மூன்று பேனாவும் வெளியே வரும், என் கையிலிருக்கிற காகிதத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவளைப் பார்த்து, ராஜகிரி ஏறச் சொன்ன ஜனங்களின் அதே குரலில் சொன்னேன்:

"கொஞ்சம் கொறச்சிக்கோம்மா. ஆறு மாசம் ஓடியே போயிரும்."

அவள் சரிக்கா என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வலி, கஞ்சித் தண்ணீர், மறுபடி வலி. நாலாவது மாதம் முப்பது கிலோ குறைந்திருந்தேன். அதற்கு முன்னாலேயே ஒரு நாள் பாயில் படுத்து, விடிந்துதான் எழுந்தேன். ஜன்னலில் வெயில் அடித்தபோதுதான் நான் படுத்திருக்கிறேன் என்பதே தெரிந்தது. சத்தம் போட்டு அழுதேன். அந்த மனநல டாக்டர் பார்த்திருக்க வேண்டும். ஊர் ஜனம் வழக்கம்போல நடந்துகொண்டது. கத்தி வைத்து இளைப்பதெல்லாம் ஒரு இளைப்பா என்று டீக்கடைக்காரர் சொன்னார். கணவர், சென்னைக்கு அத்தனை தடவை அலைந்தது தான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு, முன்னறையிலிருந்து பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். இவர்களை எல்லாம் இளக்காரமாகப் பார்ப்பது எனக்குச் சுலபம். இருபது வருடப் பழக்கம்.

ஆறு மாதம் ஆகும் நேரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தாலுகா ஆபீஸில் கூட்டம் அதிகமான நாள், அவள் என் கடை வாசலில் நின்றாள். செஞ்சியில் ஜெராக்ஸ் கடை என்று நான் சொன்னதை வைத்து விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். உடம்பு அப்படியேதான் இருந்தது. காலில் கட்டு பெரிதாகியிருந்தது. சுண்டு விரலையும் அதற்குப் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு, நான் இளைத்திருப்பது நன்றாக இருக்கிறது என்றாள். மனதாரத்தான் சொன்னாள். மஞ்சப் பையிலிருந்து புது நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். காலை, மதியம், மாலை எல்லாம் மகள் எழுதியிருந்தாள். இரவுக் கட்டம் காலி.

"நீங்களே எழுதிக் குடுங்கக்கா. இந்தவாட்டி கொறச்சலா எழுதுங்க."

வரிசையில் நின்றவர்களை மதியத்துக்கு மேல் வரச் சொல்லிவிட்டேன். அவளை உள்ளே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அன்றைக்கு நீ திரும்பி வந்தது நான் எழுதிய நாலு இட்லியால்தான், நீ சொன்னதை நான் நம்பவில்லை, எனக்கு மட்டும் இரண்டு எழுதிக்கொண்டேன், உள்ளே போய்ச் சொல்லப் பயந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த டாக்டருங்க உள்ள படிச்சிக் காட்டுனாங்கக்கா. நாலு இட்லி, மூணு தோசைன்னு. நான் ஒண்ணும் பேசல."

ஏன் பேசவில்லை, நான் சாப்பிடவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"நீங்க படிச்சவங்க, என்னைப் பாத்துட்டுதான எழுதுனீங்க. தூக்கக் கலக்கத்துல எழுந்துபோய் துன்னுட்டு மறந்துட்டனோன்னு எனக்கே டவுட்டாயிடுச்சி. அப்புறம் ஒரு மாசம், படுக்கறதுக்கு முன்ன எம்பொண்ண வுட்டு அடுப்படிக் கதவ பூட்டச் சொன்னேன்க்கா."